பெரியப்பா விஷம் குடித்தாரா என்று கேட்டார்கள்: ஒரு எழுத்து மாறினால் புரதம் என்ன ஆகும்?

#1 மலைக்காற்று

எல்லோருக்கும் வணக்கம். பல மாதமாக இங்கே படிக்க மட்டும் வந்து போகிறவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பெரியப்பாவுக்கு (58 வயது, மளிகைக் கடை வைத்திருக்கிறார்) ராத்திரி சாப்பிட்ட கையோடு அடிவயிற்றில் வலி. அப்பெண்டிக்ஸ், உடனே ஆபரேஷன் என்றார்கள். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. சர்ஜன் வெளியே வந்து, "நல்லபடியா முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று, ஆளை வெளியே கொண்டுவரவில்லை. கேட்டால், சொந்தமாக மூச்சு எடுக்கவில்லை, வென்டிலேட்டரில் இருக்கிறார் என்கிறார்கள்.

விடியற்காலை மூன்று மணிக்கு ட்யூட்டி டாக்டர் என்னையும் பெரியம்மாவையும் தனியே கூப்பிட்டார். "வீட்ல ஏதாவது பிரச்சினையா? கடையில நஷ்டமா? பூச்சிமருந்து ஏதாவது குடிச்சிருப்பாரா?" ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்று ஒன்று பார்த்தார்களாம். ஐயாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டியது, இவருக்கு மெஷினில் எண்ணே வரவில்லையாம். பெரியம்மா அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். "முந்தாநாள் கடன் விஷயமா ஒரு வார்த்தை சொன்னேன், அதுக்கா?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஆறு மணி நேரம் கழித்துத்தான் பெரியப்பாவின் விரல் அசைந்தது. காலையில் வேறொரு மயக்க மருந்து டாக்டர் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" எனக்குச் சுருக்கென்றது. ஆரிய வைசியர் என்றேன். "அப்ப சரி. விஷமெல்லாம் இல்லை. ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும், அவ்வளவுதான்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

பெரியப்பா இப்போது நன்றாக இருக்கிறார், கடைக்கும் போகிறார். என் கேள்வி இதுதான். ஒரே ஒரு எழுத்துக்காக ஒருவர் ஆறு மணி நேரம் மூச்சில்லாமல் கிடப்பாரா? இந்த 58 வருஷமாக அந்த எழுத்து என்ன செய்துகொண்டிருந்தது?

#2 தியேட்டர்_பூனை

நான் மயக்கவியல் மருத்துவன், இருபது வருஷமாக. உங்கள் பெரியப்பாவுக்கு நடந்ததை நாங்கள் ஸ்கோலின் அப்னியா என்போம். மருந்தின் பெயர் சக்சினைல்கோலின், தியேட்டர் வழக்கில் ஸ்கோலின்.

அவசர ஆபரேஷன், வயிறு நிறையச் சாப்பாடு. வாந்தி நுரையீரலுக்குப் போகாமல் இருக்கச் சட்டென்று தொண்டையில் குழாய் போட வேண்டும். அதற்குத் தசைகளெல்லாம் ஒரு நிமிஷத்தில் தளர வேண்டும். அந்த வேலைக்கு இந்த மருந்துபோல வேகமானது அதிகமில்லை. ஐந்திலிருந்து பத்து நிமிஷத்தில் தானாகவே விட்டுவிடும். விடுவதற்குக் காரணம் ரத்தத்தில் மிதக்கும் ஒரு நொதி (என்சைம்), பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ். உங்களிடம் கோலினெஸ்டரேஸ் என்று சொன்னது இதைத்தான். ஊசியில் போட்ட மருந்தில் பெரும்பகுதியை, அது தசைக்குப் போய்ச் சேரும் முன்பே இந்த நொதி வெட்டித் தள்ளிவிடும். நாங்கள் கொடுக்கும் அளவே அந்த வெட்டுச் சேதாரத்தைக் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான்.

நொதி இல்லாத ஆளுக்கு அதே அளவு போட்டால் முழுவதும் தசைக்குப் போய்விடும். வெட்ட ஆள் இல்லை. மெதுவாகச் சிறுநீரிலும் வேறு வழிகளிலும் கரைந்து போகும்வரை மூச்சை மெஷின்தான் விட வேண்டும். வைத்தியம் என்று பார்த்தால் காத்திருப்பதுதான். கூடவே தூக்க மருந்தை நிறுத்தாமல் கொடுப்பது. இது முக்கியம்: உடம்பு அசையாது, ஆனால் நினைவு வந்துவிடலாம்.

உங்கள் ஊர் டாக்டர் சமூகத்தைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நானும் கேட்பேன், இந்த ஒரு விஷயத்துக்காக மட்டும். ஆரிய வைசியர்களிடம் இந்தக் குறைபாடு மற்றவர்களைவிட ஏறக்குறைய நூறு மடங்கு அதிகம். கேட்ட விதம் இதைவிடப் பதமாக இருந்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன்.

#3 மலைக்காற்று

நினைவு வந்துவிடலாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. பெரியப்பா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சொன்னார். நடுவில் கொஞ்ச நேரம் எல்லாமே கேட்டதாம். யாரோ ஒரு பெண், "இன்னும் மூச்சு எடுக்கலையே சார்" என்றாராம். "நான் இங்கதான்டா இருக்கேன்னு கத்துறேன், நாக்கு கூட அசையல. செத்துட்டேன்னு நெனச்சு, பொணத்துக்குக் காது கேக்கும் போலன்னு நெனச்சுக்கிட்டேன்." அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

#4 தியேட்டர்_பூனை

வருத்தமாக இருக்கிறது. ஆபரேஷன் முடிந்தது, ஆள் எழுந்துவிடுவார் என்று தூக்க மருந்தைக் குறைத்திருப்பார்கள். நரம்பைத் தூண்டிப் பார்க்கும் சின்னக் கருவி ஒன்று இருக்கிறது. மணிக்கட்டில் வைத்தால் கட்டைவிரல் துடிக்கிறதா இல்லையா என்று தெரியும். அதைப் பார்த்துவிட்டுக் குறைத்திருந்தால் இது நடந்திருக்காது. இதற்கு மேல் பார்க்காத கேஸைப் பற்றிப் பேசமாட்டேன்.

#5 சந்தேகராஜா

மருந்துக் கதை புரிந்தது. ஜீன் கதைதான் நம்பும்படி இல்லை. அந்த நொதியில் எத்தனை அமினோ அமிலம்? நூற்றுக்கணக்கில் இருக்காதா? அதில் ஒன்று மாறினால் மொத்தமும் போய்விடுமா? "வணகம்" என்று எழுதினாலும் வணக்கம் என்றுதானே படிக்கிறோம்.

#6 கரும்பலகை

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுப்பவள். இதே கேள்வியை வருஷா வருஷம் ஒரு பிள்ளையாவது கேட்கும்.

நொதியும் ஒரு புரதம்தான், புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. டி.என்.ஏ.வில் மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு அமினோ அமிலம். ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்தில் 64 மூன்றெழுத்துச் சொற்கள் வரும். அவற்றில் 61 சொற்கள் அமினோ அமிலங்களைக் குறிக்கும், மூன்று "இதோடு நிறுத்து" என்று சொல்லும். அமினோ அமிலங்களோ 20தான். அதனால் ஒரே அமிலத்துக்குப் பல சொல் இருக்கும். லூசினுக்கு மட்டும் ஆறு. சி-டி-டி என்பது சி-டி-சி ஆனால் அப்போதும் லூசின்தான், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. நடு எழுத்து டி, சி ஆனால் சி-சி-டி. அது புரோலின். வேறு ஆள் வந்து உட்கார்ந்துவிட்டது. மாற்றம் "நிறுத்து" சொல்லை உண்டாக்கினால் புரதம் பாதியில் அறுந்துவிடும். ஒரு எழுத்து கழன்று விழுந்தால் அதற்குப் பிறகு வரும் மூன்று மூன்றாகப் பிரிப்பதே தப்பிவிடும்.

பாடப்புத்தகத்தில் இதைச் சடுதிமாற்றம் என்று போட்டிருக்கும். பிள்ளைகள் என்னவோ மியூட்டேஷன் என்றுதான் சொல்கிறார்கள், நானும் விட்டுவிட்டேன்.

#7 பனங்கொட்டை

எங்கட புத்தகத்தில் அது விகாரம். நொதி எங்களுக்கு நொதியம். யாழ்ப்பாணத்திலிருந்து எட்டிப் பார்த்தேன், தொடருங்கள்.

#8 புரதச்சிக்கல்

புரத வடிவம் பற்றி ஆய்வு செய்கிற மாணவன். சந்தேகராஜா அண்ணா, உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. எத்தனையோ மாற்றங்கள் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் "வணகம்" உவமை இங்கே உதவாது. புரதத்தை யாரும் வாசிப்பதில்லை, அது மடிகிறது. சங்கிலி போல வெளியே வந்து, எண்ணெய்ப் பிடிப்புள்ள பகுதிகள் தண்ணீருக்குப் பயந்து உள்ளே ஒளிந்து, மின்னூட்டம் உள்ளவை வெளியே நின்று, ஒரு முடிச்சாகச் சுருண்டுகொள்ளும். அந்த முடிச்சின் வடிவம்தான் வேலை செய்கிறது.

இந்த நொதியில் 574 அமினோ அமிலங்கள். வைசியர்களிடம் இருக்கும் மாற்றம் 307ஆவது இடத்தில், லூசின் இருக்க வேண்டிய இடத்தில் புரோலின். அதாவது டீச்சர் சொன்ன அதே டி, சி ஆகிற கதை. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அமெரிக்கக் குழு ஒன்றோடு சேர்ந்து 2006இல் இதை வெளியிட்டார்கள்.

புரோலினுக்கு ஒரு தனிக் குணம். மற்ற அமினோ அமிலங்களின் பக்கக் கிளை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். புரோலினுடையது மட்டும் திரும்பி வந்து தன் முதுகெலும்பிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் சங்கிலி நினைத்தபடி திரும்ப முடியாது, பக்கத்துத் திருப்பத்தோடு கைகோத்துக்கொள்ள வேண்டிய ஹைட்ரஜனும் இருக்காது. கைமுறுக்கு சுற்றுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? மாவு விரலுக்கு இடையே சீராக முறுக்கிக்கொண்டே போகும். நடுவில் ஒரு ஈர்க்குச்சித் துண்டு சிக்கினால் அதற்குப் பிறகு கை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் சுற்று வராது. 573 அமினோ அமிலங்கள் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் மடிந்த நொதி நிலையாக நிற்பதில்லை, ரத்தத்தில் அதன் வேலை ஏறக்குறைய பூச்சியம்.

#9 சந்தேகராஜா

ஆக, எங்கே மாறினாலும் முடிச்சு அவிழ்ந்துவிடுமா? அப்படியென்றால் நாமெல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே.

#10 புரதச்சிக்கல்

இல்லை, அதுதான் சுவாரஸ்யம். இதே நொதியிலேயே மூன்று விதமான மாற்றம் காட்டுகிறேன்.

539ஆம் இடத்தில் அலனின் போய் திரியோனின் வருவது. இதற்குக் கே வகை என்று பெயர், உலகத்தில் நிறையப் பேருக்கு உண்டு. வேலை முப்பது சதவீதம்போலக் குறையும். அவ்வளவுதான், தனியாக இருந்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

70ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் போய் கிளைசின் வருவது. ஐரோப்பியர்களிடம் அதிகம். இங்கே முடிச்சு அவிழவே இல்லை, நொதி ரத்தத்தில் தாராளமாக மிதக்கிறது. இந்த நொதியின் வெட்டும் இடம் ஒரு கிணற்றின் அடியில் இருப்பதுபோல ஆழத்தில் இருக்கிறது. 70ஆம் ஆள் கிணற்று விளிம்பில் நிற்பவர், கையில் எதிர் மின்னூட்டம். சக்சினைல்கோலின் என்பது இரண்டு அசிட்டைல்கோலினை (நரம்பு தசைக்குச் செய்தி சொல்ல விடும் பொருள்) முதுகோடு முதுகு ஒட்டியதுபோல, இரு முனையிலும் நேர் மின்னூட்டம். விளிம்பில் நிற்பவர் அதைப் பிடித்து உள்ளே இறக்கிவிட வேண்டும். கிளைசினுக்குக் கையே கிடையாது, மின்னூட்டமும் இல்லை. கீழே கத்தி கூர்மையாகத்தான் இருக்கிறது, வெட்ட வேண்டியது கிணற்றுக்குள் வருவதில்லை. மருந்து அதிகச் செறிவில் இருந்தால் முட்டி மோதி உள்ளே விழும், ரத்தத்தில் அவ்வளவு செறிவு இருக்காது.

மூன்றாவது நேர் எதிர். 1966இல் அமெரிக்காவில் ஒரு குடும்பத்தில் இந்த நொதியின் வேலை இயல்பைவிட மூன்று மடங்கு இருந்ததைக் கண்டார்கள், சிந்தியானா வகை என்று பெயர் வந்தது. அவர்களுக்கு ஸ்கோலின் சரியாகப் பிடிக்கவே இல்லை.

#11 தியேட்டர்_பூனை

70ஆம் இடத்து ஆட்களைக் கண்டுபிடிக்க 1957இல் டொரன்டோவில் வெர்னர் கேலோ கொண்டுவந்த சோதனைதான் டிபுகெயின் எண். டிபுகெயின் என்ற மரத்துப்போகும் மருந்து நொதியை எத்தனை சதவீதம் முடக்குகிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு ஜீனும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கும், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இயல்பான நொதி 80 சதவீதம் முடங்கும், அந்த மாற்றம் இரண்டு பிரதியிலும் உள்ளவருடையது 20தான், ஒன்றில் மட்டும் உள்ளவர் நடுவே 60 பக்கம். இதைப் படித்துவிட்டு மலைக்காற்று போய் அந்தச் சோதனையைக் கேட்கப்போகிறார் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்: உங்கள் வீட்டுக்கு அது அவ்வளவாகப் பயன்படாது. இருக்கிற நொதியின் குணத்தைத்தான் அது அளக்கும். உங்கள் பெரியப்பாவிடம் அளக்க நொதியே இல்லை. சாதாரண கோலினெஸ்டரேஸ் அளவும் ஜீன் பரிசோதனையும் போதும்.

#12 மலைக்காற்று

கேட்டு லேபுக்கு போன் செய்தும்விட்டேன் சார். இப்போதுதான் பார்க்கிறேன். 😅

#13 பனங்கொட்டை

அந்த விஷம் விஷயத்தைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. நான் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள். இலங்கையில் மிக மோசமான பூச்சிகொல்லிகளை 1995இலும், எண்டோசல்பானை 1998இலும் தடை செய்தார்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் குடித்துவிட்டு வருவார்கள். ஓர்கனோபொசுபேட் வகை மருந்துகள் செய்வது இந்த நொதியத்தின் வெட்டும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்வதுதான். ஆகவே கோலினெஸ்டரேஸ் பூச்சியம் என்று வந்தால் எங்கள் கண்ணுக்கு முதலில் தெரிவது நஞ்சு. அந்த வைத்தியரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பிரித்துப் பார்க்கலாம். நஞ்சு என்றால் கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி, வாயில் எச்சில் வழிந்து, வேர்த்துக் கொட்டும். இன்னொன்று, சிவப்பணுவில் இருக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸையும் பார்க்க வேண்டும். அது வேறு மரபணு, வேறு புரதம். நஞ்சு இரண்டையும் முடக்கும். விகாரம் ஒன்றை மட்டும்தான் தொடும். அந்த இரண்டாவது சோதனை செய்திருந்தால் உங்கள் பெரியம்மா அந்த வராந்தாவில் இருந்திருக்கத் தேவையில்லை.

#14 மலைக்காற்று

அக்கா, இதை அப்படியே பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்த ரெண்டாவது டெஸ்ட் என்ன விலையாம்?" என்று கேட்டார். அவருக்கு இன்னும் ஆறவில்லை.

#15 சந்தேகராஜா

எல்லாம் சரி. 58 வருஷம் என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நொதியே இல்லாமல் ஒருவர் கல்லுபோல இருக்கிறார் என்றால் உடம்புக்கு அந்த நொதி எதற்கு?

#16 புரதச்சிக்கல்

நல்ல கேள்வி, ஆய்வுக்கூடங்களிலும் பல காலமாகக் கேட்கிறார்கள். இந்த நொதி அறவே இல்லாதவர்கள் மற்றபடி ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார்கள். நரம்புக்கும் தசைக்கும் நடுவே அசிட்டைல்கோலினை வெட்டும் உயிர் போகிற வேலையை அந்த இன்னொரு நொதி பார்த்துக்கொள்கிறது. அதில் குறை வந்தால் தாங்காது. இதில் வந்தால் தாங்கும்.

இப்போது காலத்தைப் பாருங்கள். சக்சினைல்கோலின் ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்தது 1951வாக்கில். அதற்கு முன்னால் அந்த புரோலின் யாரையும் எதுவும் செய்திருக்காது, செய்ய அதற்கு வாய்ப்பே வரவில்லை. உங்கள் பெரியப்பாவின் தாத்தாவுக்கும் இருந்திருக்கலாம், கடைசிவரை வெற்றிலை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்திருப்பார். நோய் என்று ஒன்றை உண்டாக்கியது பாதி அந்த எழுத்து, பாதி அந்த ஊசி. என் கட்சி இதுதான்: மாற்றம் கெட்டதா நல்லதா என்று எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தப் புரதத்திடம் யார், எப்போது, என்ன வேலை கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

#17 கூடலூர்மழை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கூடலூர் பக்கம் செவிலியர். மேலே தம்பி சொன்ன கட்சிக்கு எங்களிடம் வேறு சாட்சி இருக்கிறது. அரிவாள் செல் நோய். நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் இந்தியாவில் முதன்முதலில் 1952இல் இதைக் கண்டுபிடித்தார்கள்.

எங்களிடம் வரும் பிள்ளைகள் மார்கழிக் குளிரில்தான் அதிகம். ஒரு பையன், பத்து வயதிருக்கும், அவன் அம்மா முதுகில் சுமந்துகொண்டு வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் அழுகிறான். அழுதால் இன்னும் வலிக்குமாம். சுடுதண்ணீர்ப் பை, ஊசி, நிறையத் தண்ணீர். அதே ஊரில் அவன் அக்காவுக்கு ஒரு பிரதி மட்டும், அவள் ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்குகிறாள். ஒரே எழுத்து, ஒரே வீடு. இதை அவன் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

#18 புரதச்சிக்கல்

அக்கா, இதுவும் ஒரே எழுத்துதான். ஜி-ஏ-ஜி, ஜி-டி-ஜி ஆகிறது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலம், ஆறாவது குளூட்டாமிக் அமிலம் வேலின் ஆகிறது. 1949இல் லைனஸ் பாலிங் குழு இதை மூலக்கூறு நோய் என்று அழைத்தது. எந்த அமினோ அமிலம் மாறியது என்பதைச் சில வருஷம் கழித்து கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்ராம் கண்டுபிடித்தார்.

இங்கே முடிச்சு அவிழவில்லை, வெட்டும் இடமும் கெடவில்லை. ஆக்சிஜனை ஏற்பதும் இறக்குவதும் நடக்கிறது. கெட்டது வெளித்தோல். குளூட்டாமிக் அமிலம் தண்ணீருக்குப் பிடித்தது, மின்னூட்டம் உள்ளது, வெளியே நின்றால் பிரச்சினை இல்லை. வேலின் எண்ணெய்ப் பசை. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் வடிவம் கொஞ்சம் மாறும். அப்போது பக்கத்து மூலக்கூறில் 85ஆம், 88ஆம் அமினோ அமிலங்களுக்கு நடுவே ஒரு குழி திறக்கும், அதுவும் எண்ணெய்ப் பசைதான். வேலின் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அதோடு அடுத்தது, அதோடு அடுத்தது. சிவப்பணுவுக்குள் நீள நீளமாகக் கயிறு திரிந்து, அணுவே அரிவாள்போல வளைந்துவிடும். ஆக்சிஜன் ஏறினால் குழி மூடும், கயிறு பிரியும். நீர் வற்றினால் மூலக்கூறுகள் நெருங்கும், கயிறு சீக்கிரம் திரியும். நீங்கள் தண்ணீர் கொடுப்பது அதற்குத்தான்.

அதே ஆறாவது இடத்தில் வேலினுக்குப் பதில் லைசின் வந்தால்? அதுவும் உண்டு, ஹீமோகுளோபின் சி. மின்னூட்டம் தலைகீழாகிறது, ஆனால் லைசினுக்கு எண்ணெய்ப் பசை கிடையாது, அந்தக் குழியில் ஒட்டாது. அது தனியாக இருந்தால் நோய் மிகவும் லேசு.

#19 கரும்பலகை

அக்காவுக்கு ஒரு பிரதி இருந்தும் ஓடுகிறாள் என்பதற்கும் இதுவே விடை. அவளது சிவப்பணுக்களுக்குள் பாதிக்கு மேல் சாதாரண ஹீமோகுளோபின், கயிறு நீளாது. அதோடு மலேரியா கடுமையாகத் தாக்காமல் அந்த ஒரு பிரதி காக்கிறது. மலேரியா இருந்த காட்டோரங்களில்தான் இந்த மாற்றம் நிலைத்தது. என் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன், "அப்ப கொசுவை ஒழிச்சா இந்த ஜீனுக்கு லாபம் போயிடும், நஷ்டம் மட்டும் மிச்சம்" என்றான். வணிகவியல் எடுத்திருக்க வேண்டியவன்.

#20 கூடலூர்மழை

ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை பற்றியும் எழுதிவிடுகிறேன், இங்கே யாராவது தேடி வரலாம். பிறந்த குழந்தைக்கு இருக்கும் ஹீமோகுளோபினை அது கொஞ்சம் திரும்ப வரவைக்கும், அந்த வகை கயிற்றில் சேராது. அந்தப் பையன் இப்போது அதில்தான் இருக்கிறான். இந்த வருஷம் மார்கழியில் ஒரு தடவைதான் வந்தான். மருந்து தானாகத் தொடங்கக் கூடாது, ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தில் பரிசோதனை நடக்கிறது, போய்ப் பாருங்கள்.

#21 சந்தேகராஜா

சரி, தோற்றேன். கடைசியாக ஒன்று. சொந்தத்தில் கல்யாணம் செய்வதால்தானே இந்த மாற்றமெல்லாம் வருகிறது?

#22 புரதச்சிக்கல்

வருவதில்லை. மாற்றம் எங்கோ எப்போதோ ஒருவரிடம் தற்செயலாக வந்தது. சொந்தக் கல்யாணம் செய்வது, ஒரே மூதாதையிடமிருந்து வந்த இரண்டு பிரதிகளை ஒரே பிள்ளையிடம் கொண்டு சேர்ப்பது. அதைவிட வைசியர் விஷயத்தில் பெரிய காரணம், ஆரம்பத்தில் இருந்த சின்னக் கூட்டம் இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாக வெளியே கொடுக்கல் வாங்கல் இல்லாமல் பெருகியது. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து எழுதிய கட்டுரைகளில் வைசியர்தான் முக்கிய உதாரணம். ஆகவே ஏழு தலைமுறைக்குச் சொந்தமே இல்லாத இரண்டு வைசியர்கள் கல்யாணம் செய்தாலும் இருவரிடமும் அந்த எழுத்து இருக்கலாம். இருவரும் ஒரு பிரதி மட்டும் வைத்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

#23 மலைக்காற்று

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வீட்டில் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து ரத்தம் எடுத்தாயிற்று. எனக்குப் பாதிக்குக் கொஞ்சம் கீழே. அப்பாவுக்கு, பெரியப்பாவைப் போலவே, எண்ணே வரவில்லை! 55 வயது. ஐந்து வருஷம் முன்னால் ஹெர்னியா ஆபரேஷன் கூட நடந்திருக்கிறது. முதுகில் ஊசி போட்டுச் செய்தார்களாம், அதனால் தப்பித்தார்.

இப்போது ஒரு குழப்பம். பெரியப்பாவின் ஜீன் ரிப்போர்ட் வந்திருக்கிறது. அதில் லூசின் 335 புரோலின் என்று போட்டிருக்கிறது. நீங்கள் 307 என்றீர்களே? வேறு மாற்றமா? ராத்திரி தூக்கமே இல்லை.

இன்னொன்று, தங்கைக்கு ஏழு மாதம்.

#24 புரதச்சிக்கல்

பயப்படாதீர்கள், இரண்டும் ஒன்றுதான். கல்லீரலில் இந்தப் புரதம் உருவாகும்போது முன்னால் 28 அமினோ அமிலம் அதிகமாக இருக்கும். "இதை வெளியே அனுப்பு" என்று சொல்கிற பார்சல் சீட்டு மாதிரி. ஏறியதும் கிழித்துவிடுவார்கள். பழைய கட்டுரைகள் கிழித்த பிறகு எண்ணும், இன்றைய ரிப்போர்ட்கள் முதலிலிருந்து எண்ணும். 307உம் 28உம் சேர்த்தால் 335. அரிவாள் செல்லுக்கும் இதே தொல்லை உண்டு, ரிப்போர்ட்டில் 6க்குப் பதில் 7 என்று இருக்கும்.

#25 தியேட்டர்_பூனை

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு இரண்டு பிரதியும் போயிருப்பதால் தங்கைக்கு ஒன்று நிச்சயம். அம்மாவிடமிருந்து இன்னொன்று வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. கர்ப்பத்தில் இந்த நொதி எல்லோருக்குமே குறையும், அதனால் வெறும் அளவை வைத்து முடிவெடுக்காமல் ஜீன் பரிசோதனையே செய்துவிடுங்கள். சிசேரியன் வந்தாலும் பெரும்பாலும் முதுகில் ஊசிதான். அவசரமாக முழு மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால், தசையைத் தளர்த்த ஸ்கோலினுக்குப் பதில் ரோகுரோனியம் இருக்கிறது. அதை இந்த நொதி தொடுவதே இல்லை, திருப்ப சுகமாடெக்ஸ் என்ற மருந்தும் உண்டு. மிவாகுரியம் மட்டும் கூடாது, அதுவும் இதே நொதியை நம்பி வாழ்வது. இப்போதே போய் மயக்க மருத்துவரைப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள், பிரசவ அறை வாசலில் அல்ல.

#26 மலைக்காற்று

தங்கை ரிப்போர்ட் வந்துவிட்டது. ஒரு பிரதிதான். ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவிட்டார்கள்.

பெரியப்பா ஒரு அட்டை அடித்து பர்ஸில் வைத்துக்கொள்ளப்போகிறார், அப்பாவுக்கும் ஒன்று. தமிழில் அடிக்கலாமா, இங்கிலீஷிலா என்று வீட்டில் சண்டை. பெரியம்மா தமிழ் என்கிறார், அதோடு கீழே "இவர் விஷம் குடிக்கவில்லை" என்றும் போட வேண்டுமாம்.

#27 தியேட்டர்_பூனை

இங்கிலீஷில், பெரிய எழுத்தில், மருந்தின் பெயர் முதல் வரியில். ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் படிக்கிறவர் எந்த ஊர்க்காரரோ. பின்பக்கம் பெரியம்மா சொன்னதைத் தமிழில் போட்டுக்கொள்ளுங்கள்.